வெந்நீருக்குள் ஒரு கம்பி

1978, மார்ச் 11. சனிக்கிழமை. பாரீஸில் தன் ஃப்ளாட்டின் பாத்ரூமில் குளித்துக்கொண்டிருந்தார் க்ளோத் ஃப்ரான்ஸ்வா. வயது 39. பிரான்ஸே தலையில் வைத்துக் கொண்டாடிய பாப் பாடகர். அவர் பிரெஞ்சில் பாடிய ஒரு பாட்டுக்குத்தான் பின்னால் ஆங்கிலத்தில் புது வரிகள் எழுதி, 1969-ல் ஃப்ராங்க் சினாட்ரா ‘மை வே’ என்று பாடி உலகத்தையே முணுமுணுக்க வைத்தார். அன்று டி.வி. நிகழ்ச்சி ஒன்றுக்குப் போக வேண்டும். குளியல் தொட்டிக்கு மேலே சுவரில் இருந்த விளக்கு கொஞ்சம் கோணலாக இருப்பது கண்ணில் பட்டது. எதுவும் ஒழுங்காக இல்லாவிட்டால் பொறுக்காத ஆசாமி. தொட்டியில் நின்றபடியே ஈரக்கையை நீட்டி அதை நேராக்கப் பார்த்தார்.

அவ்வளவுதான்.

ஒரு சின்ன விளக்குக்கே இந்தக் கதி. நம் வீட்டு பாத்ரூம்களில் தலைக்கு மேலே தொங்குவது என்ன? 2000 வாட் கீஸர்! ‘ஈரக்கையோட ஸ்விட்சைத் தொடாதேடா’ என்று பிள்ளையை அதட்டுகிற அதே அப்பா, 230 வோல்ட் கம்பியைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி வைத்துவிட்டு, அந்தத் தண்ணீர் தலையில் கொட்ட, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று சுகமாகக் கண்ணை மூடுகிறார். யோசித்துப் பார்த்தால் இது துணிச்சலான காரியம். ஆனாலும் தினமும் கோடிக்கணக்கான பேர் குளித்துவிட்டு முழுசாக வெளியே வருகிறார்கள். அதற்குக் காரணமான சில மனிதர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் பெயர். ‘கீஸர்’ என்பது ஐஸ்லாந்து சொல். அந்த ஊரில் பூமிக்கடியிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் பீறிட்டு அடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் ‘கெய்சிர்’. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர், குழாயைத் திறந்தால் உடனே வெந்நீர் வருகிற கருவி ஒன்றைச் செய்து அதற்கு இந்தப் பெயரை வைத்தார். அது கரன்ட்டில் ஓடியதல்ல, காஸில் எரிந்தது. புகை வெளியே போக வழி வைக்கவில்லை என்பதால் குளிக்கிறவரை மூச்சுமுட்ட வைக்கும் வசதியும் அதில் இருந்தது! இருபது வருஷம் கழித்து, 1889-ல், எட்வின் ரூட் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தானாகவே இயங்கும் காஸ் ஹீட்டரைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ‘கீஸர்’ என்றால் காஸ்; அதே சொல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்ததும் எப்படியோ கரன்ட் பிடித்துக்கொண்டது. அதுவரை நமக்கு வெந்நீர் என்றால் விறகு அடுப்பில் தவலை, கொஞ்சம் வசதியான வீடென்றால் நடுவில் கரி போடுகிற தாமிர பாய்லர். கண்ணெரிச்சல்தான் அதிகபட்ச ஆபத்து.

கரன்ட்டை வைத்து சூடு பண்ணலாம் என்பதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. கம்பியில் ஓடும் கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும் என்று 1840-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தார். சூட்டின் மேல் அவருக்கு இருந்தது பித்து. ஹனிமூனுக்கு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனபோது, புதுமனைவியை வண்டியில் உட்கார வைத்துவிட்டு, நீளமான தெர்மாமீட்டரோடு அருவியின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உஷ்ண வித்தியாசம் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று அவருடைய நண்பர் கெல்வின் பிரபு பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

கணக்கு இருந்தது, கம்பி இல்லை. இரும்புக் கம்பி சிவக்கச் சிவக்கத் துருப்பிடித்து அறுந்தது. பிளாட்டினம் தாங்கும், ஆனால் வாங்க முடியாது. 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலையும் க்ரோமியத்தையும் கலந்த உலோகத்துக்கு பேட்டன்ட் வாங்கினார். நிக்ரோம்! மணிக்கணக்கில் செக்கச்செவேல் என்று எரிந்தாலும் அறுந்து போகாது. நம் வீட்டு அயர்ன் பாக்ஸ், டோஸ்டர், ஹேர் டிரையர் எல்லாவற்றுக்கும் அதுதான் பாட்டன்.

இனி அந்தக் கம்பியைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அதற்கும் வழி பிறந்தது. நிக்ரோமை ஸ்பிரிங் மாதிரி சுருட்டி, உலோகக் குழாய் ஒன்றின் நடுவே நிறுத்தி, சுற்றிலும் மக்னீஷியம் ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியைத் திணித்து இறுக்கினார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி இதை ‘கால்ராட்’ என்ற பெயரில் விற்றது. அந்தப் பொடிக்கு ஓர் அபூர்வமான குணம்... சூட்டை விடும், கரன்ட்டை விடாது. இரண்டையும் சேர்த்துத் தடுக்கிற பொருள் ஊரெல்லாம் கிடைக்கும், ஒன்றை மட்டும் தடுப்பது அரிது.

ஆக, உங்களுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே இருப்பது என்ன? சில மில்லிமீட்டர் வெள்ளைப் பொடி. அதைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகக் குழாய். அவ்வளவே!

இந்தக் காவல் எப்படி உடைகிறது என்று பார்ப்போம். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால், சூடாகச் சூடாக அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து காயில் மேல் ஓடு மாதிரி படிகிறது. உள்ளே பிறக்கும் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் தவிக்கிறது. கம்பி அளவுக்கு மீறிக் காய்கிறது. குழாய் வெடிப்பு விடுகிறது. முடி அளவு வெடிப்பு போதும், தண்ணீர் உள்ளே போய்ப் பொடியை நனைத்துவிடும். நனைந்த மக்னீஷியா கரன்ட்டைத் தடுக்கும் சாதியே அல்ல. டேங்கில் தண்ணீர் இல்லாமல் ஸ்விட்சைப் போட்டாலும் இதே விளைவுதான், ஆனால் சில நிமிடங்களிலேயே. அந்தப் பொடிக்கு ஈரத்தை உறிஞ்சும் குணமும் உண்டு. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் நாள் கீஸரைப் போட்டதும் ட்ரிப்பர் விழுவது சில சமயம் இதனால்தான்.

வெடிப்பு விட்ட பிறகு கீஸர் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். இதுதான் பயங்கரமே. தண்ணீர் வழக்கம்போல் சுடும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 2000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 18 நிமிடம் ஆகும். அதே 18 நிமிடம்தான் ஆகும். எந்த அறிகுறியும் தெரியாது. டேங்க், குழாய், ஷவர் எல்லாம் உயிரோடு காத்திருக்கும்.

பக்கெட்டில் போடுகிற ராடு இன்னும் மோசம். அங்கே டேங்க்கூட இல்லை. வெடித்த குழாயும் விரலும் ஒரே தண்ணீரில். ‘சூடாயிடுச்சான்னு பார்க்கலாம்’ என்று ஸ்விட்சை அணைக்காமல் விரலை விட்டவர்களின் கதை, குளிர்காலத்து செய்தித்தாள்களின் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும்.

ஒரு சந்தேகம் வரலாம். கரன்ட் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்பிப் போவதுதானே? ஒன்றை மட்டும் தொட்டால் ஏன் ஷாக்? கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காய்க்கு ஒன்றும் ஆவதில்லையே! காரணம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் கம்பியை பூமியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால் பூமியே ஒரு திரும்பும் கம்பி. காக்காய் பூமியைத் தொடவில்லை. நாம் தொட்டுக்கொண்டு நிற்கிறோம், அதுவும் ஈரக்காலோடு.

அதற்குத்தான் எர்த். கீஸரின் உடம்பிலிருந்து ஒரு தடித்த செம்புக் கம்பி நேராக மண்ணுக்குப் போகும். காயில் கசிந்தால் கரன்ட் அந்த சுலபமான வழியில் ஓடிப்போகும். கசிவு பலமாக இருந்தால் ஃப்யூஸும் போகும். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சொருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். அதைத் திருகிக் கழற்றிவிட்டு ரெண்டு பின்னை மட்டும் சொருகுகிற நம்மவர்களின் திறமையை என்னவென்று சொல்ல!

ஓர் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன். ‘‘எர்த் எல்லாம் இந்த பில்டிங்ல கிடையாது சார். நியூட்ரல்லேர்ந்து ஒரு ஜம்பர் போட்டுத் தர்றேன். ஒண்ணும் ஆவாது.’’ ஆகும்! நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், கீஸரை ‘ஆன்’ செய்த நொடியில் அதன் முழு உடம்புக்கும் 230 வோல்ட் ஏறும். காயில் புத்தம்புதிதாக இருந்தாலும்கூட. இன்னொரு வழக்கமும் உண்டு. ஸ்விட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்துவிடுவது. அணைத்தால் கீஸர் அணையும், விளக்கும் அணையும், ஆனால் காயிலில் கரன்ட் உட்கார்ந்தே இருக்கும். ரெண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கிற டபுள் போல் ஸ்விட்சைப் போடச் சொல்வது இதனால்தான். பழைய இரும்புக் குழாய்களாவது மண்ணுக்குள் போய் தெரியாமலே எர்த் வேலை பார்த்து வந்தன. பிளாஸ்டிக் குழாய் வந்தபின் அந்த இலவச தர்மமும் நின்றுபோனது.

இதையெல்லாம் மீறி ஒரு நாடே குளிக்கிறது. பிரேசில்! அங்கே டேங்க் கிடையாது. ஷவரின் தலைக்குள்ளேயே ஹீட்டர். அந்த ஹீட்டருக்குக் குழாய் கிடையாது, வெள்ளைப் பொடி கிடையாது... நிர்வாணமான நிக்ரோம் கம்பி, அதன் மேலேயே ஓடும் தண்ணீர். தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளினால் ஸ்விட்ச் ஆன். சாதாரணமாகவே 5000 வாட்டுக்கு மேல் இழுக்கும். சாவோ பாலோ மாநிலத்தில் ஜாவூ என்ற சிற்றூர், ‘இது எங்க ஊர் ஃப்ரான்சிஸ்கோ கன்யோஸ் கண்டுபிடிச்சது’ என்று பெருமை அடித்துக்கொள்கிறது. வெளிநாட்டு டூரிஸ்ட்டுகள் வைத்த பெயர், ‘தற்கொலை ஷவர்’.

ஏன் இப்படி? ஏழைக்கும் எட்டும் விலை. காஸ் குழாய் எட்டாத ஊர்கள். அணைக்கட்டுகளிலிருந்து தாராளமாக வந்த மின்சாரம். கம்பி வெறுமனே இருந்தாலும், பிளாஸ்டிக் உடம்பும், சரியாக மாட்டிய எர்த்தும், கீழே விழுவதற்குள் துளித்துளியாக உடைந்துவிடும் தண்ணீரும் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகின்றன. எர்த் இல்லாத வீடுகளில் குழாயின் உலோகத் திருகைத் தொட்டால் ‘சுருக்’ என்று ஒரு கடி. பலர் அதைக் குளியலின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். புதுக் கட்டடங்களுக்கெல்லாம் எர்த் கட்டாயம் என்று பிரேசில் சட்டம் போட்டது 2006-ல். அவ்வளவு தாமதம்!

இப்போது கதாநாயகர். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து எலெக்ட்ரிகல் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியெல். அவரை அரித்த கேள்வி, ‘மனுஷனைக் கொல்ல எவ்வளவு கரன்ட் வேண்டும்?’ வோல்ட் அல்ல, கரன்ட்.

நம் ஊரில் ‘கரன்ட் பிடிச்சு இழுத்துடுச்சு’ என்பார்கள். கரன்ட் யாரையும் இழுப்பதில்லை. நம் தசைகளை ஆட்டுவிப்பதே மூளை அனுப்பும் துளியூண்டு மின்சாரம்தான். வெளியிலிருந்து பெரிய மின்சாரம் வந்தால் எல்லாத் தசையும் ஒரே சமயத்தில் இறுகும். முன்கையில் விரலை மடக்கும் தசைக்கு, விரிக்கும் தசையைவிட வலு ஜாஸ்தி. ஆகவே கை கம்பியை விடாது, இறுகப் பிடித்துக்கொள்ளும். மனசு ‘விடு விடு’ என்று கதறினாலும்!

எத்தனை கரன்ட் வரை ஒருவரால் கையை விட முடிகிறது? டால்ஸியெல் ஆட்களைக் கூப்பிட்டார். 134 ஆண்கள், 28 பெண்கள், எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். கையில் ஈரமான செம்புக் கம்பி. கரன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ‘இப்போ விடு பார்க்கலாம்’ என்றார். இன்று எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு லேசில் சம்மதிக்காது. ஆண்களுக்கு சராசரி எல்லை 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. சராசரியை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாதே... நூற்றில் தொண்ணூற்றொன்பதரை பேரால் விட முடிகிற அளவு எது என்று கணக்கிட்டார். ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6.

இதயத்தை நிறுத்துவது எவ்வளவு என்பதை மனிதர்களிடம் சோதிக்க முடியாது. ஆடு, நாய், கன்றுக்குட்டிகளிடம் மற்றவர்கள் நடத்திய சோதனைகளை வைத்துக் கணக்குப் போட்டார். 50 கிலோ மனிதருக்கு ஒரு நொடி பாய்ந்தால் 116 மில்லி ஆம்பியர் வரை இதயம் பெரும்பாலும் தாங்கும். நேரம் கூடக்கூட அந்த அளவு குறையும்.

இந்த எண்களை உங்கள் வீட்டு ட்ரிப்பரோடு ஒப்பிடுங்கள். கீஸர் லைனில் இருக்கும் எம்.சி.பி. 16 ஆம்பியர். அதாவது 16,000 மில்லி ஆம்பியர்! நனைந்த உடம்பு ஆயிரம் ஓம் தடை காட்டினால் 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அது தாராளம்; எம்.சி.பி-க்கு அது கொசுக்கடி. ஃப்யூஸும் எம்.சி.பி-யும் கம்பி எரியாமல் காப்பாற்ற வந்தவை. மனிதனைக் காப்பாற்றுவது அவற்றின் வேலையே அல்ல. ‘எங்க வீட்ல ட்ரிப்பர் இருக்கு சார், பயமில்லே’ என்பவர்கள் அது எந்த ட்ரிப்பர் என்று ஒரு தடவை எழுந்து போய்ப் பார்ப்பது நல்லது.

டால்ஸியெல் 1961-ல் உருவாக்கிய கருவி, ரேஷன் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி. போகிற கம்பி, வருகிற கம்பி ரெண்டையும் ஒரு காந்த வளையத்தின் வழியே விட்டார். போனது எவ்வளவோ அவ்வளவு திரும்பி வந்தால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம். வழியில் 5 மில்லி ஆம்பியர் காணாமல் போனாலும், ‘யாரோ ஒருத்தர் உடம்பு வழியா போகுது’ என்று சந்தேகப்பட்டு, ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். ஷாக் அடிக்கும், ஆனால் பிழைத்துக்கொள்வோம்.

யோசனை அவருக்கு மட்டும் தோன்றியதல்ல. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்ரி ரூபின் என்ற எஞ்சினீயர் 1955-லேயே ஒரு கசிவுக் காவலைச் செய்தார். ஆனால் அது விழிக்க 250 மில்லி ஆம்பியர் தேவைப்பட்டது. அடுத்த வருஷமே அதை 20-க்குக் கீழே இறக்கிக் காட்டினார். ஆஸ்திரியாவில் பீகல்மையர் என்ற விஞ்ஞானி இன்னும் ஒருபடி மேலே போய், தன் உடம்பிலேயே கரன்ட்டை விட்டுப் பார்த்தவர். அமெரிக்க மின் விதிகள் பாத்ரூம் பிளக் பாயின்ட்டுகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது 1975-ல். நம் வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று அதன் முகத்தில் எழுதியிருக்கும்.

கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஒரு சம்பவம். 2008, ஜனவரி 2. பாக்தாத். சதாம் காலத்து அரண்மனை வளாகம் ஒன்றில் தங்கியிருந்த அமெரிக்க சிறப்புப் படை வீரர் ஒருவர் ஷவரைத் திறந்தார். மொட்டை மாடியில் இருந்த தண்ணீர் பம்ப்புக்கு முறையாக எர்த் இல்லை. அதற்குள் ஷார்ட் ஆகி, கரன்ட் குழாய் வழியே கீழே இறங்கிக் காத்திருந்தது. துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பியவர் குளியலறையில் போனார். அந்த ஊர் முகாம்களில் குளிக்கும்போது ஷாக் அடிக்கிறது என்று முன்பே புகார்கள் போயிருந்தன. அமெரிக்கக் காங்கிரஸில் விசாரணை நடந்தது. உலகத்திலேயே அதிகம் செலவு செய்கிற ராணுவம், ஓர் எர்த் கம்பிக்கு!

ஷாக் மட்டுமே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. கீஸரின் இன்னொரு உறுப்பு தெர்மோஸ்டாட். பல கீஸர்களில் இது ஒரு பித்தளைக் குழாய், உள்ளே ‘இன்வார்’ என்ற இரும்பு-நிக்கல் கலவைக் குச்சி. சூட்டில் பித்தளை நீளும். இன்வார் அநேகமாக நீளவே நீளாது. அந்த வித்தியாசம் ஸ்விட்சை இழுத்து அணைக்கிறது. இன்வாரை 1896-ல் கண்டுபிடித்த சார்ல்ஸ் எதுவார் கில்லோமுக்கு 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு. அடுத்த வருஷம்தான் ஐன்ஸ்டைனுக்கே!

நோபல் வாங்கிய உலோகம் ஒழுங்காக வேலை செய்தாலும், பக்கத்தில் இருக்கிற ஸ்விட்சின் முனைகள் ஆயிரக்கணக்கான தடவை பொறி பறந்து, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு சூடு நிற்காது. இங்கிலாந்தில் டான்டன் என்ற ஊரில் 2006-ல் அப்படித்தான் நடந்தது. ஹீட்டர் கொதித்துக்கொண்டே இருக்க, பரணில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்குக் கொதிநீர் ஏறி, தொட்டி இளகி உடைந்து, கீழே அறையில் தூங்கிக்கொண்டிருந்த பத்து மாதக் குழந்தையின் மேல்... வேண்டாம். இதற்காகவே தெர்மோஸ்டாட்டுக்கு மேல் ‘கட்-அவுட்’ என்று இரண்டாவது காவலாளி உண்டு. அது ஒருமுறை விழுந்தால் தானாக எழாது, கையால்தான் அமுக்க வேண்டும். தண்ணீர் திடீரென்று சுடாமல் போகும்போது, மெக்கானிக் மூடியைத் திறந்து ஒரு சின்ன பட்டனை அமுக்கி, ‘முடிஞ்சுது சார்’ என்று காசு வாங்கிக்கொண்டு போவார். அந்தக் காவலாளி ஏன் விழுந்தான் என்று அவர் பார்த்தாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தியாவில் 2019-லும் 2020-லும் வருஷத்துக்கு 13,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறந்ததாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. வயலில், மின்கம்பத்தில், கட்டட வேலையில் இறந்தவர்களும் அதில் அடக்கம். இத்தனைக்கும் டேங்க் கீஸருக்கென்றே ஐ.எஸ். 2082 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. கடையில் விற்கும் நல்ல கீஸர் பாதுகாப்பானதுதான். அதை மாட்டுகிற சுவரில், சுவருக்குள் ஓடும் கம்பியில், கம்பி போய்ச் சேரும் மண்ணில்தான் வில்லங்கமெல்லாம்.

ஆர்.சி.சி.பி-யின் முகத்தில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு குட்டி பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன ரெஸிஸ்டர் வழியாக வேண்டுமென்றே கொஞ்சம் கரன்ட் கசியும். கருவி ஏமாந்து விழும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அசையாமல் இருந்துவிட்டால் உள்ளே இறுகிப் போயிருக்கிறது என்று அர்த்தம், மாற்ற வேண்டியதுதான். சரியாக விழுந்தால் வீடு முழுக்க இருட்டு. சமையலறையிலிருந்து, ‘‘யாரு அது, மிக்ஸி ஓடிட்டிருக்கறப்ப...’’ என்று ஒரு குரல் வரும்.